எம்.பி.ஏ. படிக்கும் இரண்டு வருடம்: அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். வகுப்பில் கைதூக்கிக் கேட்கப்படும் கேள்விகளைவிட, வகுப்பு முடிந்து வராந்தாவில் தயங்கி நின்று கேட்கப்படுபவைதான் அதிகம். தூக்கம், பணம், பஸ், வீட்டு விசேஷம், குழுவில் வேலை செய்யாத நண்பன் என்று எல்லாம் அதில் வரும். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டான்செட் என்ற தமிழ்நாட்டுப் பொது நுழைவுத்தேர்வை எழுதி, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் முழுநேரமாகப் படிப்பவர்கள்தான் என் மனதில் இருப்பவர்கள். மற்ற இடங்களில் படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டிகிரியை நன்றாகத்தான் சமாளித்தேன். எம்.பி.ஏ.வில் மட்டும் ஏன் நேரமே கிடைப்பதில்லை?

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். தினமும் 7 மணி நேரத் தூக்கம் என்றால் 49 போய்விடும். கல்லூரியில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 40. தினம் இரண்டு மணி நேரப் பயணம், ஆறு நாளுக்கு 12. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 119. மிச்சம் 49 மணி நேரம் கையில் இருக்கிறது. நாளுக்கு 7 மணி நேரம். காகிதத்தில் இது தாராளம்.

ஆனால் அந்த 49 மணி நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. டிகிரியில் நீங்கள் தனியாகப் படித்தீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் உட்கார்ந்தால் போதும் என்று இருந்திருக்கும். எம்.பி.ஏ.வில் பாதி வேலை அடுத்தவர்களோடு சேர்ந்து செய்வது. ஐந்து பேர் குழுவில் ஒருவர் தாமதித்தால் மற்ற நாலு பேரின் மாலையும் போகிறது. வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து இரவு பத்து மணிக்குத் தகவல் வரும்: நாளைக் காலை ஒன்பதுக்கு ஒரு நிறுவனத்தின் அறிமுகக் கூட்டம், எல்லோரும் ஃபார்மல்ஸில் வரவும். அவ்வளவுதான், இரவு போட்ட திட்டம் முடிந்தது.

அதனால் மணிவாரியாக டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டுவது இங்கே பலன் தராது. இரண்டாம் வாரமே அது கிழிந்துவிடும், மனமும் சோர்ந்துவிடும். எது வந்தாலும் நகர்த்தாத மூன்று நான்கு விஷயங்களை மட்டும் முடிவு செய்யுங்கள். தூங்கப் போகும் நேரம், காலைச் சாப்பாடு, பயமாக இருக்கும் ஒரு பாடத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம், வீட்டுக்கு ஒரு போன். மற்றவை நகரட்டும்.

இரண்டு வருடமும் இதே ஓட்டமாகத்தான் இருக்குமா?

இல்லை, இதை முதல் நாளே தெரிந்துகொண்டால் மனம் பாதி லேசாகும். நாலு பருவங்களும் நாலு விதம்.

முதல் பருவத்தில் எல்லாம் புதிது. கணக்கியல், புள்ளியியல், பொருளியல், வணிகச் சட்டம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தெரியும் பாடங்கள். ஆளும் புதிது, ஊரும் புதிது. இரண்டாம் பருவத்தில் பாடச்சுமை கூடும். நிதி மேலாண்மை, மார்க்கெட்டிங், உற்பத்தி மேலாண்மை, ஆராய்ச்சி முறைகள் எல்லாம் வரிசையாக வரும், ஆனால் உங்களுக்குப் பழகியிருக்கும். அப்புறம் கோடையில் நிறுவனப் பயிற்சி. மூன்றாம் பருவம்தான் உண்மையான நெருக்கடி. விருப்பப் பாடங்கள், பயிற்சி அறிக்கை, வேலைவாய்ப்பு நேர்காணல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நான்காவது பெரும்பாலும் புராஜெக்ட். அதில் நேரம் இருக்கும், ஆனால் யாரும் கண்காணிக்க மாட்டார்கள் என்பதால் சோம்பல் வந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் படிப்பு, உடற்பயிற்சி, குடும்பம், நண்பர்கள் எல்லாம் சம அளவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் உடைந்துபோகிறார்கள். மூன்றாம் பருவத்தில் வீட்டு விசேஷம் சிலவற்றைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை. அதற்கு ஈடாக நான்காம் பருவத்தில் ஒரு வாரம் ஊரில் போய் இருங்கள். சமநிலையை நாள் கணக்கில் பார்க்காமல் பருவக் கணக்கில் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நான் பொறியியல் படித்தவன். டெபிட், கிரெடிட் என்றாலே தலை சுற்றுகிறது. இந்த ஒரு பாடமே என் மாலை முழுவதையும் தின்கிறது.

கணக்கியல் கடைசி வாரத்தில் படித்துத் தேறும் பாடம் அல்ல. அது கைப்பழக்கம். முதல் ஆறு வாரம் தினமும் ஒரு மணி நேரம், பேனா பிடித்து, நோட்டில் கோடு போட்டு, நாலு கணக்கு. வீடியோ பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தில் சேராது. பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், தனியாகப் போட உட்கார்ந்தால் முதல் பதிவிலேயே நிற்பீர்கள். ஆறு வாரம் இப்படிச் செய்தால் நிதி மேலாண்மை வரும்போது உங்களுக்கு மற்றவர்களைவிட நேரம் மிச்சமாகும், ஏனென்றால் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் பி.காம். படித்து வந்தவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுக்குப் புள்ளியியல் பயம், நிகழ்தகவு பயம். உங்களுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், ஒரு மணி நேரம் அவர் உங்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரம் நீங்கள் அவருக்கு. இப்படிச் சேர்ந்து படித்த ஜோடிகள் இரண்டு பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கியதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

தமிழ் வழியில் படித்தேன். ஒரு பிரசென்டேஷனுக்கு மற்றவர்கள் ஒரு மணி நேரம் தயார் செய்தால் எனக்கு ஒரு முழு இரவு ஆகிறது.

அந்த இரவு எங்கே போகிறது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்வதில்தான் போகிறது. மனப்பாடம் செய்தது ஒரு சொல் தவறினால் மொத்தமும் நின்றுவிடும், அந்தப் பயத்தில் தூக்கமும் வராது.

விஷயத்தை முதலில் தமிழில் யாருக்காவது சொல்லுங்கள். விடுதி அறைத் தோழரிடம், தம்பியிடம், அம்மாவிடம். ஒரு நிறுவனம் ஏன் நஷ்டப்பட்டது, என்ன செய்திருக்கலாம் என்று தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் விஷயம் உங்களிடம் இருக்கிறது. பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். எழுதாதீர்கள். குழுவில் எண்கள், அட்டவணைகள் வரும் பகுதியை முதலில் கேட்டு வாங்குங்கள், அங்கே சொற்கள் குறைவாகப் போதும். இரண்டாம் பருவத்தில் முன்னுரை சொல்லும் பகுதிக்கு மாறுங்கள். தினமும் காலையில் ஆங்கில வணிகப் பத்திரிகை ஒன்றில் ஒரே ஒரு செய்தியை முழுதாகப் படிப்பதும் உதவும். சென்னையிலிருந்து வரும் பிசினஸ்லைன் கல்லூரி நூலகங்களில் கிடைக்கும்.

நன்றாக ஆங்கிலம் பேசும் மாணவர்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது: தடுமாறுகிற நண்பருக்காக அவருடைய பகுதியையும் நீங்களே பேசிவிடாதீர்கள். அது அவருக்கு உதவி இல்லை.

குழுவில் ஒருவர் எதுவுமே செய்வதில்லை. பெயர் மட்டும் வருகிறது. அவர் வேலையையும் நானே இரவு உட்கார்ந்து முடிக்கிறேன். எப்படிச் சொல்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் அதிகம் வருவது. தூக்கத்தையும் நட்பையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடிய விஷயமும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அவர் ஏன் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நாலு காரணங்கள் இருக்கலாம். செய்யத் தெரியாது, கேட்க வெட்கம். இது மிகவும் சகஜம், எக்செலில் ஒரு பைவட் டேபிள் போடத் தெரியாததால் ஒரு மாதமாக ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. அல்லது வீட்டில் ஏதோ பிரச்சினை, வேலைக்குப் போகிறார், சொல்ல விருப்பமில்லை. அல்லது குழுவில் நீங்களோ இன்னொருவரோ எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதால் அவருக்கு இடமே இல்லை. இது மூன்றும் இல்லாமல் உண்மையிலேயே ஓசியில் போகலாம் என்று நினைப்பவரும் இருப்பார், ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

முதல் கூட்டத்திலேயே வேலையைப் பிரித்து, யார் எதை எந்தத் தேதிக்குள் தருவது என்று எழுதி குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். இறுதித் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக உங்கள் தேதி இருக்கட்டும். பிரிக்கும்போது 'நீ டேட்டா பார்த்துக்கோ' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'பத்து கடைக்காரர்களிடம் இந்த எட்டுக் கேள்வியைக் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஷீட்டில் ஏற்று' என்று சொன்னால் செய்தாரா இல்லையா என்பதில் குழப்பமே வராது.

தேதி தவறினால் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, நேரில், டீ குடிக்கும்போது கேளுங்கள். 'என்னப்பா, முடியலையா, நான் ஏதாவது காட்டட்டுமா' என்று தொடங்குங்கள். பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் இரண்டாவது முறை தவறினால், ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஆனால் சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்னால் சொல்லுங்கள். சமர்ப்பித்த பிறகு வந்து புகார் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முன்னாலேயே தெரிந்தால் வேலையை மாற்றிப் பிரிக்கலாம், தனித்தனியாக வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வைக்கலாம்.

அவருடைய பகுதியை நீங்கள் இரவு முழுக்க உட்கார்ந்து செய்வது மட்டும் வேண்டாம். அவர் பகுதி இல்லாமல் அறிக்கை கொஞ்சம் மெலிந்து போனால் போகட்டும். அகமதிப்பீட்டில் இரண்டு மதிப்பெண் குறைவதைவிட, மூன்று வாரம் ஒருவர் மேல் வைத்திருக்கும் கசப்பு உங்களை அதிகம் களைப்பாக்கும்.

இரவு பன்னிரண்டு மணிக்கும் குழுச் செய்திகள் வருகின்றன. பார்க்காவிட்டால் ஏதாவது தவறிவிடுமோ என்று பயம்.

எல்லாக் குழுவையும் மியூட் செய்யுங்கள். வகுப்புப் பிரதிநிதி, வேலைவாய்ப்புப் பிரிவு இரண்டு மட்டும் விதிவிலக்கு. இரவு பத்தரைக்கு ஒருமுறை, காலை எழுந்ததும் ஒருமுறை பார்த்தால் எதுவும் தவறாது. அவசரம் என்றால் போன் செய்வார்கள்.

எத்தனை மணி நேரம் தூங்கினால் போதும்? ஐந்து மணி நேரத்தில் சமாளிக்கும் நண்பர்கள் இருக்கிறார்களே.

18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்கள் சொல்வது. ஐந்து மணி நேரம் தூங்குபவர் சமாளிப்பதாக நினைக்கிறார். மதியம் இரண்டு மணி வகுப்பில் முன்னால் நின்று பார்க்கும் எங்களுக்குத் தெரியும், அவர் சமாளிக்கவில்லை. இரவு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்து, மறுநாள் மூன்று மணி நேர வகுப்பை அரைத்தூக்கத்தில் கழித்தால் நிகரமாக நஷ்டம்தானே.

தேர்வுக்கு முந்தின இரவு இது இன்னும் முக்கியம். படித்ததை மூளை பதித்து வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கணக்குப் போடும் தாள்களுக்கு விழித்திருந்து போனால் தெரிந்த கணக்கிலேயே கூட்டல் தவறும். மாலை ஆறுக்கு மேல் டீ, காபியைக் குறைத்தாலே பலருக்குத் தூக்கம் சரியாகிவிடுகிறது.

காலையில் சாப்பிடவே முடிவதில்லை.

விடுதியில் இருப்பவர்கள் ஏழரைக்கு மெஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள், எட்டரைக்கு வரிசை நீண்டிருக்கும். வீட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு டப்பா கொண்டுவரலாம், ஒன்று மதியத்துக்கு, சின்ன டப்பாவில் நாலு இட்லியோ இரண்டு சப்பாத்தியோ, பஸ்ஸிலோ முதல் இடைவேளையிலோ சாப்பிட. அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள்தான் மோசமாகச் சாப்பிடுகிறார்கள், காலையில் டீ பிஸ்கட், இரவு பரோட்டா. பக்கத்தில் மாதக் கணக்கில் சாப்பாடு தரும் வீட்டு மெஸ் ஏதாவது இருக்கும், விசாரியுங்கள். அறையில் வாழைப்பழம், வேர்க்கடலை, அவல் எப்போதும் இருக்கட்டும்.

செங்கல்பட்டிலிருந்து தினமும் கிண்டிக்கு வந்து போகிறேன். பயணத்திலேயே உயிர் போகிறது.

மின்சார ரயிலில் ஒரு பக்கம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுவதும் படித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், நின்றுகொண்டு வரும் நாட்களே அதிகம். காலைப் பயணத்தைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் வகுப்பை உங்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்பது நல்ல பயிற்சி. மாலைப் பயணத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். பாட்டுக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நண்பர்களோடு அரட்டை அடியுங்கள். அந்த நாளில் உங்களுக்கு என்று கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான்.

வீட்டில் படிக்க இடமோ அமைதியோ இல்லை என்றால், வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பாமல் நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போங்கள். விடுமுறை நாளில் சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மாணவர் சீசன் டிக்கெட், பஸ் பாஸ் சலுகைகளைக் கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். மாணவிகள் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமின்றிப் போகலாம்.

பகுதிநேர வேலைக்குப் போக வேண்டிய நிலை. படிப்பு கெடுமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. வீட்டில் பணம் தேவைப்படும்போது 'போகாதே' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இருக்கும் வேலைகளில் எது உங்கள் நேரத்தைக் குறைவாக உடைக்கும் என்று பார்க்கலாம்.

உணவு டெலிவரியில் பணம் உடனே வரும். ஆனால் ஆர்டர் அதிகம் வருவது இரவு ஏழு முதல் பதினொன்று வரை, அதாவது குழுவேலை நடக்கும் அதே நேரம். பெட்ரோல், வண்டித் தேய்மானம் கழித்து மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். டியூஷன் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, வீட்டுப் பக்கத்திலேயே, நேரம் மாறாது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலோ கணிதமோ சொல்லிக்கொடுத்தால் உங்கள் அடிப்படையும் உறுதிப்படும். முடிந்தால் இதையே தேர்ந்தெடுங்கள். கல்யாண சீசனில் சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகும் மாணவர்களும் உண்டு, வாரநாள் தப்பும், உடம்பு வலி திங்கள் வரை இருக்கும்.

வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் போனால், மேலே போட்ட கணக்கில் மிச்சமிருந்த 49 மணி நேரத்தில் படிப்பு, குழுவேலை, ஓய்வு மூன்றுக்கும் நேரம் போதாது. முழுநேர வேலையை விட முடியாது என்றால் முழுநேர எம்.பி.ஏ.வில் சேர்ந்து வருகைப்பதிவோடு போராட வேண்டாம். வேலை பார்ப்பவர்களுக்கென்றே படிப்புகள் இருக்கின்றன. சென்னையில் லிபா என்ற மேலாண்மைக் கல்லூரியில் மாலை நேரப் படிப்பு உண்டு, திருச்சி ஐ.ஐ.எம். சென்னை வளாகத்தில் வேலையில் இருப்பவர்களுக்காக ஒரு படிப்பு நடத்துகிறது, செலவு குறைவாக வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கல்விக்கடன் நினைவு வந்தால் படிப்பில் மனம் நிற்பதில்லை.

தெளிவில்லாத கடன்தான் பயமுறுத்தும். ஒருமுறை உட்கார்ந்து எண்களை எழுதிவிடுங்கள்.

5 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, ஒரே தவணையில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். தனிவட்டியாக வருடத்துக்கு 50,000, மூன்று வருடத்தில் ஒன்றரை லட்சம். அதைக் கட்டாமல் அசலோடு சேர்த்தால் ஆறரை லட்சம். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 10,800 ரூபாய். வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால், அதாவது மாதம் 4,200 வாக்கில், பிறகு வரும் தவணை சுமார் 8,300 ஆக இருக்கும். முழுதும் முடியாவிட்டாலும் டியூஷன் பணத்தில் மாதம் ஆயிரம் இரண்டாயிரம் கட்டினால் அதுவும் குறையத்தான் செய்யும்.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கல்லூரி, படிப்பு சார்ந்த நிபந்தனைகள் உண்டு. வருமானச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு வங்கிக் கிளையில் நீங்களாகவே கேளுங்கள், சேர்ந்த வருடத்திலேயே கேளுங்கள். வேலைக்குப் போன பிறகு, பழைய வரி முறையில் இருந்தால், கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு உண்டு.

இந்த எண்களை அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். மகன் பயந்துவிடுவான் என்று அப்பாவும், அப்பா கவலைப்படுவார் என்று மகனும் ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

அக்கா கல்யாணம், ஊர்க் கோவில் கொடை விழா, பாட்டி காரியம் என்று வருகிறது. வருகைப்பதிவு என்னாகும்?

75 சதவீதம் வேண்டும். ஒரு பாடத்துக்கு 45 வகுப்பு என்றால் 11 வகுப்பு வரை விடலாம். உடல்நலக் காரணத்துக்குச் சான்றிதழோடு 65 வரை தளர்வு கிடைக்கும், ஆனால் கல்யாணத்துக்குக் கிடைக்காது. அந்தப் பதினொன்றைப் பருவத் தொடக்கத்திலேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள். அக்கா கல்யாணத்துக்கு ஐந்து ஆறு எடுத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாகப் போய் வேலை செய்யுங்கள். மிச்சத்தைக் காய்ச்சல், எதிர்பாராத சாவு இவற்றுக்கு வையுங்கள். சும்மா தூங்கி ஒன்பது மணி வகுப்பை விடுபவர்கள்தான் கடைசியில் கொடைக்குப் போக முடியாமல் தவிக்கிறார்கள்.

சித்தப்பா மகன் நிச்சயதார்த்தம், பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. அம்மாவிடம் பருவ அட்டவணையைக் கொடுத்துவிடுங்கள், உறவினர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார்.

கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. மாமியார் வீட்டில் இருந்து படிக்கிறேன். வீட்டு வேலையும் முடித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் பத்தரை மணி.

இப்படி வரும் மாணவிகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. நேர மேலாண்மை பற்றி இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் எதுவும் இல்லை. இவர்களுக்கு வேண்டியது நுணுக்கங்கள் அல்ல, வீட்டில் வேலைப் பங்கீடு.

அதை வேண்டுகோளாக வைக்காமல் கணவரோடு உட்கார்ந்து ஏற்பாடாகச் செய்யுங்கள். வாரத்தில் மூன்று மாலை, ஏழு முதல் ஒன்பது வரை, குழந்தை அவர் பொறுப்பு. எந்த மூன்று நாள் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'முடியும்போது பார்த்துக்கொள்கிறேன்' என்றால் முடியாது. மாமியாரிடம் அவரே பேசட்டும், மருமகள் கேட்பதைவிட மகன் சொன்னால் வேலை நடக்கும். தேர்வு வாரங்களில் சமையலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவு வாங்கிக்கொள்ளலாம், ஒரு குழம்பு இரண்டு வேளைக்கு வரும்.

கல்லூரியில் உங்கள் குழுவினரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மாலை ஐந்துக்கு மேல் நேரில் இருக்க முடியாது, மதிய இடைவேளையிலும் காலை எட்டரைக்கும் இருப்பேன் என்று. மறைத்தால் அலட்சியம் என்று நினைப்பார்கள். சொன்னால் பெரும்பாலோர் கூட்டத்தையே மதியத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

கிளப், போட்டி, ஆன்லைன் சான்றிதழ் எல்லாம் ரெஸ்யூமேவுக்கு வேண்டும் என்கிறார்கள். எத்தனை செய்வது?

ஒரு பொறுப்பு, ஒரு சான்றிதழ். அது போதும். நேர்காணலில் பத்து வரியில் பத்துச் சான்றிதழ் இருந்தால் ஒன்றைப் பற்றிக் கேட்பார்கள், அதற்கு மூன்று நிமிடம் உருப்படியாகப் பேச முடிய வேண்டும். நிதித்துறைக்குப் போக நினைத்தால் பங்குச்சந்தைத் துறைக்கான என்.ஐ.எஸ்.எம். தேர்வுகளில் ஒன்று, மற்றவர்களுக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். இணையவழிப் பாடம் ஒன்று. கல்லூரி விழாவில் நிதி வசூலிக்கும் பொறுப்பை எடுத்து, கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் வாங்கிய மாணவர்கள் விற்பனை வேலைக்கான நேர்காணலில் தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

ஏ.ஐ. கருவிகளை வைத்து அசைன்மென்ட்டை முடித்தால் நேரம் மிச்சம்தானே?

புரியாத ஒரு கருத்தை விளக்கச் சொல்ல, எழுதியதின் ஆங்கிலத்தைத் திருத்த, நேர்காணல் கேள்வி கேட்கச் சொல்லிப் பழக, தாராளமாகப் பயன்படுத்துங்கள். முழு அறிக்கையையும் எழுத விட்டால் மிச்சமாகும் நேரத்தை வைவாவில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

கோடைப் பயிற்சிக்குப் பெரிய நகரத்துக்குப் போகவா, வீட்டுப் பக்கத்திலேயே செய்யவா?

பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்து, கடைசி நாளில் சான்றிதழ் தருவதும் நடக்கிறது. திருப்பூரில் நூறு பேர் வேலை பார்க்கும் பின்னலாடை யூனிட்டில் ஆர்டர் வருவதிலிருந்து ஏற்றுமதி ஆவது வரை முழுச் சங்கிலியையும் உங்களால் பார்க்க முடியும். முதலாளியே நேரில் பேசுவார். வீட்டிலிருந்து போய்வந்தால் வாடகையும் மிச்சம், இரண்டு பருவக் களைப்புக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். பயிற்சியில் என்ன வேலை தருவார்கள், யார் வழிகாட்டுவார் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

நண்பர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் இல்லை. எதிலும் மனம் போகவில்லை, தூக்கமும் இல்லை.

வளாக நேர்காணலில் வரிசை என்பது திறமை வரிசை அல்ல. எந்த நிறுவனம் எந்த வாரம் வருகிறது, அன்று எந்தத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மனிதவளம் எடுத்தவருக்கு வாய்ப்புகள் தாமதமாக வருவது உண்டு, விற்பனைக்கு முதல் வாரத்திலேயே எடுப்பார்கள். அந்த மாதங்களில் லிங்க்ட்இன் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், விண்ணப்பிக்க மட்டும் கணினியில் திறக்கலாம். நிராகரித்த ஒவ்வொரு நேர்காணலிலும் கேட்ட கேள்விகளை அன்றே எழுதிவையுங்கள். நாலு ஐந்து சேர்ந்ததும் எங்களில் யாரிடமாவது கொண்டுவாருங்கள், எங்கே சறுக்குகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேலைப் பிரச்சினை மட்டும் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தன்னார்வலர்களும் கேட்பார்கள். உங்கள் அறைத் தோழர் இப்படி இருப்பதைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள், நீங்களே எண்ணைப் போட்டுப் போனைக் கையில் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிக்காமல் இருந்தால் தப்பா?

தப்பே இல்லை. காலையில் துணி துவைத்து, ஃபார்மல்ஸ் இரண்டு செட்டை இஸ்திரிக்குக் கொடுத்துவிடுங்கள், வாரநாளில் ஒரு தலைவலி குறையும். மதியம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். கிரிக்கெட்டோ சினிமாவோ, போக நினைத்த இடத்துக்குப் போய்வாருங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மட்டும் உட்கார்ந்து வரும் வாரத்தின் சமர்ப்பிப்புத் தேதிகளை எழுதிக்கொண்டு படுத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளுக்கு மட்டும் இது பொருந்தாது.